சாவியக்கா சாவியைக் கொடுத்த பிறகு

சாவியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சபையில் யாரையாவது நிறுத்தி அதைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஜெபவீட்டுச் சாவி அவள் இடுப்பில் தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கும் சாவியக்கா, தலை நரைத்தவர்களுக்கும் சாவியக்கா, பாஸ்டருக்கும் சாவியக்கா. கட்டின புருஷனே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஜெபவீடு என்றதும் கோபுரம், மணி என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். ஒரு டைல்ஸ் கடையின் மாடி, அவ்வளவுதான். குறுகலான சிமெண்ட் படி ஏறிப் போனால் நீளமாக ஒரு அறை. தெருப்பக்கம் ஜன்னல், முனகிக்கொண்டே சுற்றுகிற மின்விசிறிகள், வெள்ளைத் துணி விரித்த ஒரு மர மேஜை, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது, தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும். எந்த இடத்தில் இடிக்க வேண்டும் என்பது சாவியக்காவின் தோளுக்கு மட்டும்தான் தெரியும்.

வாரம் முழுக்க அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரம் காயாத படுக்கை விரிப்புகளை இரண்டு பக்கமும் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். நாள் பூராவும் ஆவியில் வெந்து வருவாள். ஞாயிற்றுக்கிழமையாவது இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாமே என்றால் கேட்க மாட்டாள். ஆராதனைக்கு வெகுநேரம் முன்பே போய்க் கதவைத் திறந்து, "ஆண்டவரே, நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்குமாற்றைத் தொடுவாள்.

பெருக்கி முடித்தால் நாற்காலி. நாற்காலி போடுவதில் என்ன இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அவள் போடுவதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாற்காலியும் ஒரு ஆளுக்கு. கடிகார மாமாவுக்குக் கதவோரம், கை வைத்த நாற்காலி. அவர் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். ஊருக்கெல்லாம் நேரம் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் என்றைக்கும் நேரத்துக்கு வராத மனுஷன். கதவோரம் இருந்தால் சத்தமில்லாமல் நுழையலாம், கை இருந்தால் வீங்கின முழங்காலோடு ஊன்றி எழுந்திருக்கலாம். நர்ஸ் பெண்ணுக்குச் சுவரோரம். இரவு டியூட்டி முடிந்து நேராக வந்து, பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடும். தலை சாய ஒரு சுவர் வேண்டாமா? எந்நேரமும் முட்டிக்கொள்கிற இரண்டு சம்பந்தியம்மாக்களுக்கு நடுவே தூண் வரும்படி ஒரு கணக்கு. சொந்தப் புருஷனுக்குப் பிரசங்க மேஜைக்கு நேர் எதிரே, முதுகு விரிசல் விட்ட நாற்காலி. சாய்ந்தால் கிள்ளும், தூங்க முடியாது. பஸ் டிப்போ மெக்கானிக்கான அவரும் வாய் திறக்காமல் வருஷக்கணக்கில் அதிலேயே உட்கார்ந்து வந்தார்.

ஒவ்வொரு நாற்காலியையும் வைக்கும்போது அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை சொல்வாள். "மாமாவோட முழங்காலைக் கொஞ்சம் பாருங்க ஆண்டவரே." "இந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல தூக்கம் குடுங்க." பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொல்வாள்.

அப்படிப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் அது நடக்கும். ஒரு அறையில் நாம் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து நின்றால், திரும்பிப் பார்க்காமலே தெரியுமே, அந்த மாதிரி. அவர் வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள். வேலையையும் நிறுத்த மாட்டாள். நெஞ்சு மட்டும் தொண்டை வரைக்கும் நிறைந்துவிடும். பிறகு ஆட்கள் வர ஆரம்பித்து, செருப்பைக் கண்ட இடத்தில் போடாதீங்க என்று அவள் கத்த ஆரம்பித்ததும் எல்லாம் கலைந்துபோகும். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. அந்த ஒரு வாய்ச் சந்தோஷம் சனிக்கிழமை வரைக்கும் காணும்.

இதை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. சொன்னால் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லி எல்லோர் முன்னாலும் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டில் ஜெபம் பண்ணினால் அப்படி ஒன்றுமே நடப்பதில்லை என்ற வெட்கம். வீட்டில் முழங்காலிட்டால் ஜெபம் பண்ணினோம், எழுந்தோம், அவ்வளவுதான். ஆகவே அவள் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவர் எங்கும் இருப்பவர்தான், யார் இல்லையென்றது? ஆனால் தன்னைப் பார்க்க வருவது அந்த மாடிக்குத்தான்.

டைல்ஸ் கடைக்காரர் நல்ல மனுஷன். வியாபாரம் பெருத்துவிட்டது, சரக்கு வைக்க மாடி வேண்டும் என்று முகம் வாடித்தான் கேட்டார். பாஸ்டர் அலைந்து திரிந்து ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பிடித்தார். பெரிய ஹால், நல்ல காற்று, சுத்தமான கழிப்பறை, வண்டி நிறுத்த மைதானம். தரையோடு திருகி வைத்த மரபெஞ்சுகள். கதவைத் திறக்கப் பள்ளிக்கூட வாட்ச்மேன் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் புதிதாக ஆரம்பித்த இன்னொரு சபைக்குக் கொடுத்துவிடலாம் என்று பாஸ்டர் சொன்னபோது எல்லோரும் ஆமென் என்றார்கள். சாவியக்காவும் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இடம் போனால் போகட்டும். சாவி போனாலும் போகட்டும், இந்த வயதில் இன்னும் கூட்டிப் பெருக்க வேண்டுமென்று வேண்டுதலா என்ன? அவர் வருவது நின்றுபோய்விட்டால் என்ன செய்வது? அந்த ஒன்றுதான் அவளைப் போட்டு அரித்தது. கடைசியில் பாஸ்டரிடமே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, புது இடத்துல எல்லாம் சரியா இருக்குமா?"

"எல்லாம் பாத்தாச்சு அக்கா. தண்ணி இருபத்தி நாலு மணி நேரமும் வருது," என்றார் பாஸ்டர்.

அதோடு விடாமல் ஒரு வேலையும் கொடுத்தார். "இடம் மாறுறதையும், இனிமே ஆராதனை ஒரு மணி நேரம் தள்ளி ஆரம்பிக்கிறதையும் நான் வாராவாரம் அறிவிக்கிறேன். ஆனா அறிவிப்பு முடிஞ்சப்புறம்தான் கடிகார மாமா வர்றார். அந்த நர்ஸ் பொண்ணு அறிவிப்புலயே தூங்கிடுது. அவங்க ரெண்டு பேருக்கும் நீங்க தனியா சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டினாள். சொன்னாளா? அதுதான் இல்லை. தன் துக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தவளுக்கு மற்றவர்கள் நினைப்பே வரவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் கண்ணெதிரேதான் இருந்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் சாவியைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். வீடு வரும்வரை அவள் கை அடிக்கடி இடுப்பைத் தடவிப் பார்த்தது.

சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு எந்த பஸ்ஸுல போற?"

"பள்ளிக்கூடத்துக்குப் போற பஸ்ஸுலதான். வேற எதுல போவாங்க?"

"சீக்கிரமே கிளம்புவியா?"

"ஆமா. போய் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

"ம்," என்றார் அவர். "நான் நேரா அங்க வந்துடறேன்." மெக்கானிக்குகள் அப்படித்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் கோளாறு புரிந்துவிடும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மறுநாள், பழைய ஆராதனை நேரத்துக்கு, அவள் ஏறினது பழைய பஸ்ஸில். பழக்கதோஷத்தில் கால் அங்கே போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா சொன்னாள். ஒரே ஒரு தடவை, யாருக்கும் தெரியாமல் போய், அவர் இன்னும் அங்கேதான் வந்து காத்துக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அப்புறம் புது இடத்துக்குப் போய்க்கொள்ளலாம், ஆராதனைதான் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டதே.

படி ஏறினாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது, இடிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே மேஜை இருந்த இடத்தில் டைல்ஸ் பெட்டிகள். மாமாவின் கதவோரத்தில் பெட்டிகள். நர்ஸ் பெண்ணின் சுவரை மறைத்துக் கூரை வரைக்கும் பெட்டிகள். நடுவே நடக்க மட்டும் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அவள் அந்தச் சந்தில் போய் நின்றுகொண்டு, தணிந்த குரலில், "ஆண்டவரே, நான் வந்துட்டேன்" என்றாள்.

ஒன்றும் இல்லை. வீட்டில் ஜெபம் பண்ணும்போது எப்படியோ அப்படித்தான் இருந்தது. அட்டைப்பெட்டி வாசனையும் சிமெண்ட் தூசியும் மூக்கில் ஏறின. கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். திறந்து பார்த்தாள். அறை வெறும் அறையாக இருந்தது.

பெட்டி தூக்கிக்கொண்டு வந்த சுமைக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து நின்றார். "யாரைம்மா தேடறீங்க?"

"இங்க... முன்னாடி இருந்தவங்களை," என்றாள்.

"அவங்க காலி பண்ணிட்டாங்களே. யாருமே இல்லம்மா," என்றார் அவர் பரிதாபமாக. "கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா, பெட்டி கனமா இருக்கு."

ஒதுங்கினாள். இனி அங்கே நின்று என்ன ஆகப்போகிறது? கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டியது. அழுதுகொண்டே போனால் புது ஹாலில் சம்பந்தியம்மாக்கள் இருவரும் ஒற்றுமையாகி விசாரிப்பார்களே என்று அதற்கும் ஒரு கவலை.

பாதிப் படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் பெண். தோள்பை மடியில், யூனிஃபார்ம் இன்னும் மாற்றவில்லை. தூங்கவில்லை, அதுதான் ஆச்சரியம். கண் இரண்டும் சிவந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன ஆச்சு இங்க? எல்லாரும் எங்க?" என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் சாவியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்குச் சொல்லவே இல்லை. வாயைத் திறப்பதற்குள் கீழே வாசலில் ஒரு செருமல் கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, நல்ல காலை முன்னே வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டு கடிகார மாமா ஏறி வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா சாவி. பஸ்ஸு லேட்டு," என்றார். எல்லா வாரமும் சொல்கிற அதே வார்த்தை. "பாட்டுச் சத்தமே காணமே. ஜெபத்துல இருக்காங்களா?"

"மாமா, எல்லாம் என் தப்பு," என்றாள் சாவியக்கா. "சபை இடம் மாறிப் போச்சு. பாஸ்டர் உங்க ரெண்டு பேருக்கும் சொல்லச் சொன்னார். நான் ஒருத்தி மறந்துட்டேன்."

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "அப்ப அங்கயும் லேட்டா நான்?"

"இல்ல மாமா. அங்க ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு. இன்னைக்குத்தான் நீங்க சீக்கிரம்."

"அடக் கடவுளே," என்றார் மாமா, உண்மையிலேயே கலங்கிப்போய்.

நர்ஸ் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, நான் அங்கல்லாம் வரல. வீட்டுக்குப் போறேன்," என்றாள். "என் வார்டுல ஒரு பெரியவர் விடியறப்போ போயிட்டார். அவருக்குன்னு யாரும் வரல. நான்தான் கையைப் பிடிச்சிட்டு இருந்தேன். இங்க வந்து அந்தச் சுவரோரமா உக்காந்தா சரியாயிடும்னு ஓடி வந்தேன். கதவுல நின்னு பாத்தா சுவரையே காணோம்."

நானும் உன்னை மாதிரிதாண்டி தேடி வந்தேன், மேலே ஒருத்தரும் இல்லை என்று சொல்ல சாவியக்காவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லி என்ன பிரயோஜனம்? பிள்ளை முகம் வெளுத்துக் கிடந்தது. மாமா வேறு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். முதலில் இவர்களை உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"மாமா, அந்தப் படியில வேணாம், இன்னும் ஒரு படி மேல வாங்க. அப்பதான் காலை நீட்டிக்கலாம். கைப்பிடிப் பக்கமா உக்காருங்க, எழுந்திருக்க வசதியா இருக்கும்." தன் முந்தானையாலேயே அந்தப் படியைத் துடைத்தாள். "நீ சுவரோரமா நகந்துக்கோ கண்ணு. பையை இப்படிக் குடு, முதுகுக்கு வச்சுக்கோ. சாஞ்சுக்கோ." பெட்டி தூக்குகிறவர்கள் போக வழி விட்டு, தான் இரண்டு பேருக்கும் கீழே ஒரு படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பழக்கம் விடாமல், வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். மாமாவோட முழங்காலைக் கொஞ்சம் பாருங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல தூக்கம் குடுங்க. சொந்தம்னு யாரும் வராமப் போன அந்தப் பெரியவரை நீங்க பிடிச்சுக்கோங்க.

அவர் வந்துவிட்டார்.

அதே மாதிரி, திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மேலே பெட்டி வைக்கிற சத்தம், கீழே தெருவில் ஹாரன், மாமாவின் மூச்சிரைப்பு, அத்தனைக்கும் நடுவில். நெஞ்சு தொண்டை வரைக்கும் நிறைந்தது. சாவியக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் கதவைத் திறந்தவுடனே அவர் வந்ததில்லையே என்று அப்போதுதான் அவள் யோசித்தாள். பெருக்கும்போதும் வந்ததில்லை. நாற்காலி போடும்போதுதான் வந்திருக்கிறார். இவருக்கு இங்கே, அவளுக்கு அங்கே என்று ஒவ்வொருவராக நினைக்கும்போதுதான். அறையைப் பார்க்க அவர் வந்தது போலவும் நாற்காலியில் உட்காரப்போகிற ஜனங்கள் வந்து கலைத்துவிட்டது போலவும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தன் மண்டையில் ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சந்தோஷம் வேறு தாங்கவில்லை.

"மாமா, ஒரு ஜெபம் பண்ணுங்களேன்," என்றாள்.

மாமா திகைத்தார். ஆரம்ப ஜெபம் அவர் வாழ்க்கையில் கேட்டதே இல்லை, பண்ணுவது எங்கே? ஆனாலும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவருக்காகவும், பிள்ளையின் அசதிக்காகவும், சுமை தூக்குகிறவர்களின் முதுகுக்காகவும், மறந்துபோனவளுக்காகவும் வேண்டினார். முன்னும் பின்னுமாக, ரொம்ப நேரம். மேலே அவளை ஒதுங்கச் சொன்ன சுமைக்காரர் வெறுங்கையோடு இறங்கி வந்தவர், ஆமென் சொல்லும்வரை மேல்படியிலேயே நின்றுவிட்டார். ஆமென் முடிந்தபோது நர்ஸ் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நானும் வரேன் அக்கா," என்றாள்.

மூவரும் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் அறிவிப்பு வாசிக்க எழுந்திருந்தார். கதவில் கடிகார மாமாவைக் கண்டதும் வாசிக்க வந்ததை மறந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்து சபையே திரும்பிப் பார்த்தது. மாமா கல்யாண மாப்பிள்ளை கணக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. சாவியக்காவின் புருஷன் மட்டும் சுவரோரமாக ஒரு பெஞ்சில் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு என்று வரிசையாகப் பரப்பி இடம் பிடித்து வைத்திருந்தார். ஒருவருக்கு இல்லை, மூன்று பேருக்கு. மாமாவை ஓரத்தில் உட்கார வைத்து, நர்ஸ் பெண்ணைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு, சாவியக்கா புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு இடம் எதுக்குப் போட்டீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் நீ சொல்லியிருக்க மாட்டேன்னு தெரியும். ஒரு மாசமா நீ நீயாவே இல்ல," என்றார் அவர் மேடையைப் பார்த்தபடியே. பிறகு இன்னும் தணிந்த குரலில் கேட்டார். "பழைய எடத்துக்குப் போனியே, பாத்தியா? இருந்தாரா?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"முன்ன ஒரு நாள் ஃபேன் ரிப்பேர் பண்ண சீக்கிரமா வந்தேன். நீ நாற்காலி போட்டுக்கிட்டே அவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்த. உள்ள வரணும்னு தோணல. நீ முடிக்கிற வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தேன்," என்றார்.

பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள், நர்ஸ் பெண் மட்டும் சுவரில் சாய்ந்து அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். சாவியக்கா அவள் தலை நழுவாமல் தோள்பையை எடுத்து முட்டுக் கொடுத்தாள்.

"மேல இல்லைங்க," என்றாள் புருஷனிடம். "படியில இருந்தார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்தார்.